'விடுவித்தல்' என்னும் சொல்

(நூலகக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



அமெரிக்க எழுத்தாளர் உலோயிசு உலோரி என்னும் அம்மையார் 1993-ஆம் ஆண்டு சிறுவர்க்கென எழுதிய புதினம் ஒன்றைப் பற்றிப் பேச விழைகின்றேன். 'கொடுப்போன்' எனப் பொருள்படும் பெயருடையது. 1994-இல் நியூபெரி விருது பெற்றது. சிறுவர் நூல்தானே என ஒதுக்கி வைத்திருந்த நான், மாணவன் ஒருவன் வற்புறுத்திய பின்னரே படித்தேன்.

அந்நூல் காட்டும் ஊரில் பசியில்லை, போரில்லை, பூசலில்லை. குன்றுகளும் இல்லை, பனி பெய்வதுமில்லை. நிறங்களைக் காணும் ஆற்றலும் மாந்தரிடமிருந்து அகற்றப்பட்டுவிட்டது. பன்னிரண்டாம் அகவையில் இன்னார்க்கு இன்ன தொழில் என மூத்தோர் குழு வகுத்துவிடும். வாழ்க்கைத் துணையையும் அதுவே சேர்த்து வைக்கும். தவறாகத் தேர்ந்து துன்புறுவானேன் என்பதே அவர்கள் கூறும் கரணியம். இதனைக் கேட்டு நகைத்துவிட வேண்டா. பிள்ளையின் விருப்பம் கேளாது படிப்பையும் மணத்தையும் முடிவு செய்யும் பெற்றோர் நம்மிடையே எத்துணைப் பேர்! அவர்களும் அன்பினால்தான் செய்கின்றனர்.

என்னைத் தைத்தது வேறு. அவ்வூரார் சொற்செப்பத்தில் கண்டிப்பானவர்கள். ஆசர் என்னும் மூன்று அகவைக் குழந்தை, சிற்றுண்டி கேட்குமிடத்தில் ஓசையால் அதனை ஒத்த, 'அடி' எனப் பொருள்படும் சொல்லைச் சொல்லிவிடுகின்றான். சொல்லுந்தோறும் அடிக்கின்றனர். இறுதியில் அக்குழந்தை சில காலம் பேச்சையே விட்டுவிடுகின்றது. கதைத்தலைவனான சோனாசு, தன்மேல் அன்புண்டா எனப் பெற்றோரை வினவுகின்றான். அது பொருளற்ற, வழக்கொழிந்த சொல் என்று அவர்கள் திருத்துகின்றனர்.

அதே ஊரில் முதியோரையும் பிழை செய்தோரையும் 'விடுவிப்பர்'. வேறிடம் செல்கின்றார் என்றே ஊரார் எண்ணியிருப்பர். ஒருநாள் சோனாசு பதிவுக் காட்சியொன்றில் தன் தந்தையைக் காண்கின்றான். குழந்தைகளைப் பேணும் தொழிலுடைய மென்மையான மனிதர் அவர். பிறந்த இரட்டையரை எடையிடுகின்றார். எடை குறைந்ததற்கு ஊசியிடுகின்றார். அசைவற்ற உடலைப் பெட்டியிலிட்டுக் குப்பைப் புழையுள் தள்ளிக் கையசைத்து விடைகொடுக்கின்றார். சிற்றுண்டிக்குச் சொல் பிழைத்தால் அடி. கொலைக்கோ இப்படியொரு மெல்லிய பெயர்! அவ்வூரின் காப்பு முழுவதும் அவ்வொரு சொல்லின்மேல் நிற்கின்றது.

பெரியோர்களே, முப்பதாண்டாகச் சொல் திருத்தும் தொழிலில் இருப்பவன் நான். ழகரம் வாராத சிறுவன் ஒருவனை ஒருகால் பிரம்பால் அடித்தேன். அவ்வாண்டு முழுவதும் அவன் என் வகுப்பில் வாய் திறந்திலன். ஒழுங்கு வந்துவிட்டதென நான் மகிழ்ந்திருந்தேன். ஆசரைப் படித்த இரவில் எனக்கு அவன் முகமே நினைவுக்கு வந்தது.

வீட்டில் வளர்ந்த காபிரியேல் என்னும் குழந்தையை மறுநாட் காலை விடுவிக்கப் போவதறிந்த சோனாசு, அக்குழந்தையுடன் தந்தையின் மிதிவண்டியில் இரவோடிரவாக ஊரைவிட்டுப் போகின்றான். வழியிற் பசி, குளிர். ஊரில் இருந்திருந்தால் மூவேளை உணவு வந்திருக்கும். பிழைத்தனரா என அந்நூல் தெளிவாகச் சொல்லவில்லை. பின்வந்த நூல்களில்தான் அது தெரிகின்றது.

நூலைத் திருப்பிக் கொடுத்தபோது அம்மாணவன், "ஐயா, நீங்களாயின் அந்த மிதிவண்டியில் ஏறியிருப்பீர்களா?" என்று கேட்டான். அவனுக்கு நான் இன்னும் விடை சொல்லவில்லை.