ஆயிரம் கன அடி என்றால் எவ்வளவு தண்ணீர்?

ஆந்திரத்தில் பிச்சாட்டூர் அணை நிரம்பினால் ஆரணி ஆற்றில் தண்ணீர் திறந்துவிடுவார்கள். சுருட்டப்பள்ளி, ஊத்துக்கோட்டை, பெரியபாளையம் என்று வந்து, கவரைப்பேட்டைக்கும் பொன்னேரிக்கும் நடுவே ஓடி, பழவேற்காடு ஏரியில் கலக்கும் ஆறு அது. தண்ணீர் வருவதற்குள் வாட்ஸ்அப்பில் தகவல் வந்துவிடுகிறது: ஆயிரம் கன அடி திறப்பு, கரையோர மக்கள் எச்சரிக்கையாக இருக்கவும்.

ஆயிரம் கன அடி என்றால் எவ்வளவு? ஒரு கன அடி 28 லிட்டருக்குக் கொஞ்சம் அதிகம். அணைக் கணக்கில் அது ஒரு நொடிக்கு. அப்படியானால் நொடிக்கு 28,000 லிட்டர். நம் தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரி இரண்டுக்கும் மேல் ஒரே நொடியில் ஆற்றில் கவிழ்த்த மாதிரி. அடுத்த நொடி இன்னும் அவ்வளவு. விடிய விடிய இப்படியே. இதைக் கேட்டால்தான் ஆட்டை அவிழ்த்து மேட்டில் கட்டத் தோன்றும்.

தரைப்பாலம் மூழ்குமா, எந்தத் தெருவுக்கு முதலில் தண்ணீர் வரும் என்பது கரையில் பிறந்து வளர்ந்த பெரியவர்களுக்குத்தான் தெரியும். அணையின் கணக்கும் அவர்கள் அனுபவமும் ஒரே குரலில் சேர வேண்டும். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது.

இரண்டையும் அப்படிச் சேர்த்துக் காட்டிய ஊர்கள் உண்டு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரத்தை எடுத்து, ஒலிபெருக்கியில் தமிழில் சொன்னார்கள். எத்தனை அடி அலைக்குப் படகு இறக்கலாம் என்பதை மீனவர்களே முடிவுசெய்தார்கள். 2004 டிசம்பர் 26 காலை, நல்லவாடு கிராமத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து ஒரு போன் வந்தது. அங்கே வேலை பார்த்த ஊர்க்காரர் தொலைக்காட்சியில் சுனாமிச் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குச் சொன்னார். மையத்தின் ஒலிபெருக்கி ஊரையே எழுப்பியது. படகுகள் போயின, வலைகள் போயின. மக்கள் பிழைத்தார்கள்.

நம் பக்கம் இன்னொரு கவலையும் இருக்கிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஒடிசா, பீகார் தொழிலாளர்கள் ஏராளம். தமிழில் வரும் எச்சரிக்கை அவர்களுக்கு வெறும் சத்தம். அவர்கள் தங்கும் அறைகளில் இந்தியும் ஒடியாவும் தெரிந்த ஒருவரிடம் தகவல் முதலில் போகட்டும். மழைக்காலத்துக்கு முன்பே அவர் யார் என்று தெரிந்திருக்க வேண்டும்.

2023 அக்டோபரில் பேரிடர் எச்சரிக்கைச் சோதனைக்காகத் தமிழகமெங்கும் கைப்பேசிகள் ஒன்றாக அலறியது நினைவிருக்கும். நல்ல ஏற்பாடு. ஆனால் 2016-இல் வர்தா புயல் அடித்தபோது கரண்டும் போய், செல்போன் கோபுரங்களும் ஓய்ந்துபோயின. அந்த இரவில் உதவியது பேட்டரி ரேடியோவும் பக்கத்து வீட்டுக் குரலும்தான்.

ஆகவே ஐப்பசி பிறப்பதற்குள் உங்கள் ஊரில் இரண்டு காரியம் செய்யுங்கள். கோயில் மைக்செட் கரண்ட் இல்லாமல் பேட்டரியில் ஓடுகிறதா என்று ஒருமுறை போட்டுப் பாருங்கள். போன வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை நின்றது என்று பெரியவர்களைக் கேட்டு, பாலத்துத் தூணில் சிவப்புப் பெயின்டில் ஒரு கோடு போடுங்கள். எத்தனை கன அடிக்கு அந்தக் கோடு என்பதையும் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.