அவர் கேட்கவில்லை, நாம் சொல்லவில்லை

(வானொலியில் வழங்கப்பட்ட மறைசிந்தனை)



கண்பார்வை மங்கிய ஈசாக்கின் முன் யாக்கோபு வந்து நின்ற நிகழ்வைத் தொடக்கநூல் 27ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். உடுத்தியிருந்தது அண்ணன் ஏசாவின் உடை. கைகளிலும் கழுத்திலும் ஆட்டுத் தோல். குரலில் ஐயம் எழுந்தும், தொட்டுப் பார்த்ததை நம்பித் தந்தை ஆசி வழங்கிவிட்டார்.

அமெரிக்காவில் பழைய கார்களை வாங்குவோர் பலர் இன்று ஈசாக்கின் நிலையில்தான் இருக்கிறார்கள். 1960களில் அங்கே பெரிய எஞ்சின் பொருத்தி விற்கப்பட்ட வேகமான கார்களை 'மசில் கார்' என்பார்கள். போன்டியாக் நிறுவனத்தின் ஜி.டி.ஓ. அவற்றுள் புகழ்பெற்றது. 1964, 1965ஆம் ஆண்டுகளில் அது தனி வகையாக வரவில்லை. 'லெமான்ஸ்' என்ற காரை வாங்குவோர் கூடுதல் பணம் கட்டினால், 389 கன அங்குல எஞ்சினோடு அது ஜி.டி.ஓ. ஆகும். அந்த இரண்டு ஆண்டுக் கார்களின் அடையாள எண், கார் லெமான்ஸ் என்பதைச் சொல்லும், ஜி.டி.ஓ.வா என்பதைச் சொல்லாது. ஆகவே சாதாரண லெமான்ஸில் எஞ்சினை மாற்றி, மூன்று எழுத்துகளையும் பதித்துவிட்டால் கண்ணுக்கு வேறுபாடு தெரிவதில்லை. விலையிலோ பெரிய வேறுபாடு.

நகல் செய்வது பாவமா? இல்லை. ஆசைப்பட்ட காரைத் தன் உழைப்பால் உருவாக்கி, நகல் என்று சொல்லியே விற்பவர் யாரையும் வஞ்சிக்கவில்லை. பாவம் எங்கே நுழைகிறது? "அவர் கேட்கவில்லை, நாம் சொல்லவில்லை" என்னும் இடத்தில் நுழைகிறது. வாய் பொய் சொல்லாவிட்டாலும், காரில் பதித்த எழுத்துகள் நமக்காகப் பொய்ச்சான்று சொல்கின்றன. அந்தச் சான்றை நம்பி ஒருவர் தம் சேமிப்பை எடுத்துத் தரும்போது, எட்டாம் கட்டளையோடு ஏழாம் கட்டளையும் மீறப்படுகிறது. அடையாள எண்ணையே அழித்து மாற்றுவோருக்கு அமெரிக்க நடுவண் சட்டம் ஐந்து ஆண்டுகள்வரை சிறை விதிக்கிறது.

ஆனால் நம்மை உண்மையில் சோதிப்பது இன்னொரு நிலை. அசல் என்று நம்பி வாங்கிய ஒருவர், பழைய தொழிற்சாலைப் பதிவேட்டின் நகலை வரவழைத்துப் பார்க்கிறார். கார் அசல் அல்ல. பணம் போய்விட்டது. இப்போது உள்ளே ஒரு குரல்: "நாமும் ஏமாந்தோமே, வேறு ஒருவர் தலையில் கட்டிவிட்டால் என்ன?" தமக்கு விற்றவரிடம் நியாயம் கேட்க அவருக்கு உரிமை உண்டு. அடுத்து வருபவரிடம் அந்த இழப்பை வசூலிக்க உரிமை இல்லை. நேற்றுவரை அறியாமல் ஏமாந்தவர், இன்று அறிந்தே ஏமாற்றுபவராகிவிடக் கூடாது. யாரோ ஒருவர் இழப்பைத் தாங்கி உண்மையைச் சொன்னால்தான் வஞ்சகத்தின் சங்கிலி அறுபடும்.

அன்பார்ந்தவர்களே, ஏமாற்றிப் பெற்றதை நாலு மடங்காகத் திருப்பித் தருவேன் என்று சக்கேயு எழுந்து நின்று சொன்னார். மனம் வருந்தினால் மட்டும் போதாது, பெற்றதைத் திருப்பித் தர வேண்டும் என்றே திருச்சபையும் கற்பிக்கிறது. வீடு, நிலம், நகை, வண்டி என நாம் எதை விற்றாலும், வாங்குபவர் கேட்காத கேள்விக்கும் பதில் சொல்லக் கடன்பட்டவர்கள் நாம். நட்டம் வந்தாலும் உண்மை பேசும் துணிவை ஆண்டவர் நமக்குத் தருவாராக. ஆமென்.