பொய் சொல்லும் முள்

சில வீடுகளிலே சுவர்க் கடிகாரம் எப்பொழுதும் பத்து நிமிடம் முந்தியே ஓடும். புதிதாக வந்த விருந்தினர் அதனைக் கண்டு பதறி, கையிற் பையோடு புகைவண்டி நிலையத்தை நோக்கி விரைவர். வீட்டாரோ அமைதியாகத் தேநீர் அருந்திக்கொண்டிருப்பர். கடிகாரம் பிழையானதுதான், ஆனால் அதன் பிழை எவ்வளவு என்பது அவர்களுக்குத் தெரியும். தெரிந்த பிழையோடு வாழ்வது எளிது. தெரியாத பிழையே மனிதனை இடர்ப்படுத்துவது. மோட்டார் வண்டிகளிற் பொருத்தப்பட்டிருக்கும் எரிபொருள் மானியைப் பற்றிச் சிந்திக்கும்போது இந்த உண்மையே முதலில் மனத்தில் எழுகின்றது.

கண்டி நகரிலும் அதனைச் சூழ்ந்த மலைப் பகுதிகளிலும் வண்டி ஓட்டுவோர் இம்மானியின் போக்கை நன்கு அறிவர். கொழும்பிலிருந்து வரும் ஒருவர் கடுகண்ணாவ ஏற்றத்தில் ஏறும்போது, கால் பங்கிலே நின்ற முள் மெல்ல மேலெழுந்து அரைப் பங்கை அணுகுகின்றது. ஏறுகின்ற வண்டிக்கு எரிபொருள் எங்கிருந்து வந்தது? பேராதனையின் சமதரையை அடைந்ததும் முள் மீண்டும் தாழ்கின்றது. வேறொரு வண்டியிலோ இதற்கு நேர்மாறாக, ஏறும்போது முள் வெறுமையைக் காட்டிப் பயணியை அச்சுறுத்துகின்றது. மானி பழுதுற்றது என்று எண்ணிப் பழுது பார்ப்பவரிடம் கொண்டு சென்றால், அவர் சமதரையில் வண்டியை நிறுத்திப் பார்த்து, குறையொன்றுமில்லை என்று அனுப்பிவிடுகிறார். இருவர் கூற்றும் மெய்யே.

இதன் காரணத்தை அறிய, தாங்கியின் உள்ளே நிகழ்வதைச் சற்று நோக்க வேண்டும். எரிபொருளின் மேல் ஒரு மிதவை மிதக்கின்றது. அம்மிதவை ஒரு மெல்லிய கம்பிக் கையோடு இணைக்கப்பட்டுள்ளது. எரிபொருள் குறையக் குறைய மிதவை தாழும், கை அசையும், அக்கையின் அடிமுனை ஒரு மின்தடைப் பட்டையின்மீது உராய்ந்து நகரும். அதற்கேற்ப மின்னோட்டம் கூடியோ குறைந்தோ முன்னிருக்கும் முள்ளை அசைக்கும். எனவே, தாங்கியில் எத்தனை லீற்றர் உண்டு என்பதை முள் அறியாது. மிதவை எவ்வளவு உயரத்தில் நிற்கின்றது என்பதையே அது அறியும். வண்டி சரிவிலே நிற்கும்போது எரிபொருள் தாழ்ந்த பக்கமாகச் சேர்ந்துவிடும். மிதவை அப்பக்கத்தில் இருந்தால் முள் உயரும்; எதிர்ப்பக்கத்தில் இருந்தால் முள் தாழும். சமதரையை அளவாகக் கொண்டு செய்யப்பட்ட கருவி மலைநாட்டிலே தடுமாறுவது வியப்பன்று.

இத்துடன் வேறு குறைகளும் சேர்கின்றன. தாங்கி என்பது செவ்வையான பெட்டி வடிவில் அமைவதில்லை. வண்டியின் அடியிற் கிடைத்த இடத்திற்கேற்ப மேலே அகன்றும் கீழே ஒடுங்கியும் அமைகின்றது. ஆதலின் முதற் பாதி நெடுந்தூரம் தாங்குவது போலவும் மறுபாதி விரைவில் வற்றுவது போலவும் பல வண்டிகளிலே தோன்றுகின்றது. மேலும், தாங்கி நிறைவதற்கு முன்னரே மிதவை தன் உச்ச நிலையை அடைந்துவிடுவதுண்டு. அத்தகைய வண்டியில் முதற் சில லீற்றர் செலவாகும்வரை முள் அசையாது நின்று, ஒன்றுமே குறையவில்லை என்று இனிமையாகப் பொய் சொல்லும். பட்டை தேய்ந்தால் முள் துள்ளும். மிதவையில் துளை விழுந்து எரிபொருள் உட்புகுந்தால் அது மூழ்கும். நிறைந்த தாங்கியும் வெறுமை என்றே காட்டப்படும்.

முள் சரியாகவே காட்டினும் மலைநாட்டில் இன்னொரு சிக்கல் உண்டு. மானி அளப்பது எரிபொருளை. பயணி அறிய விரும்புவதோ தூரத்தை. கண்டி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் உள்ளது. நுவரெலியாவோ ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் உள்ளது. கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக அவ்வூருக்கு ஏறும் வண்டி செலவிடும் எரிபொருள், அதே வழியில் இறங்கும்போது செலவிடுவதைவிட மிக அதிகம். ஆகவே கால் பங்கு எரிபொருள் இறங்குபவனுக்கு ஒரு பொருளும் ஏறுபவனுக்கு வேறொரு பொருளும் உடையது. இறக்கத்திற் கண்ட கணக்கை ஏற்றத்திற்குப் போடுபவன் நடுவழியில் நிற்பான்.

மானியே இல்லாத காலத்தில் மக்கள் எவ்வாறு ஓட்டினர்? ஜேர்மனியில் உருவாகி உலகெங்கும் பரவிய வொக்ஸ்வாகன் வண்டியிலே 1961ஆம் ஆண்டுவரை எரிபொருள் மானி வழக்கமாகப் பொருத்தப்படவில்லை. எரிபொருள் முடிந்து இயந்திரம் தடுமாறும்போது, ஓட்டுபவர் கால் அருகே இருந்த ஒரு பிடியைத் திருப்புவார். ஒதுக்கி வைத்த சில லீற்றர் அப்பொழுது திறக்கும். நம் வீதிகளில் ஓடும் முச்சக்கரவண்டிகள் பலவற்றிலும் மோட்டார் சைக்கிள்களிலும் இதே ஏற்பாடு உண்டு. அதனை ‘ரிசேர்வ்’ என்பர். பழைய லொறிச் சாரதிகள் மரக்குச்சி ஒன்றில் கோடுகளைக் கீறி வைத்து, தாங்கியில் விட்டு நனைந்த அளவைப் பார்ப்பர். கருவி எளியது, ஆனால் அதனைப் பயன்படுத்தியவரின் கவனம் பெரியது. முள் வந்த பின்னர் அந்தக் கவனத்தையும் முள்ளிடமே ஒப்படைத்துவிட்டோம்.

அக்கவனத்தை நாடு முழுவதும் மீண்டும் கற்க நேர்ந்த ஆண்டு 2022. அந்நியச் செலாவணி இன்றி எரிபொருள் இறக்குமதி தடைப்பட்டது. நிரப்பு நிலையங்களின் முன் வரிசைகள் நீண்டன. நாட்கணக்கிலே காத்திருந்தோரும் உண்டு. வரிசையிலே காத்திருந்த முதியோர் சிலர் உயிர் நீத்த துயரமும் நிகழ்ந்தது. அவ்வாண்டு ஜூன் மாத இறுதியில் அத்தியாவசிய சேவைகளுக்கன்றி மற்றையோருக்கு எரிபொருள் விற்பனை நிறுத்தப்பட்டது. ஜூலை மாதத்தில் வாராந்தப் பங்கீடு வந்தது. தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், முச்சக்கரவண்டிக்கு 5 லீற்றர், காருக்கு 20 லீற்றர் என்பது அப்பங்கீடு. 2023 செப்டம்பரில் அம்முறை கைவிடப்பட்டது.

கண்டி நகரத்து முச்சக்கரவண்டிச் சாரதி ஒருவரின் நிலையை எண்ணிப் பார்ப்போம். 5 லீற்றர் அவருக்கு ஒரு வாரத்து வாழ்வு. லீற்றருக்கு 20 கிலோமீற்றர் என்று வைத்துக்கொண்டாலும் 100 கிலோமீற்றரே அவர் ஓடலாம். ஹந்தானைக்கு ஒரு சவாரி ஏறினால் அக்கணக்கும் சுருங்கும். முள் அசைந்தும் அசையாமலும் காட்டும் குறிப்பை நம்பி அவர் எந்தச் சவாரியை ஏற்பது, எதனை மறுப்பது? ஆகவே அவர் முள்ளை விட்டுக் குறிப்புப் புத்தகத்தை எடுத்தார். ஊற்றிய லீற்றர் ஒரு பக்கம். ஓடிய தூரம் மறு பக்கம். ஏற்றமா இறக்கமா என்பதற்கு ஒரு சிறு குறி. பள்ளிக்கூடத்தில் வெறுத்த கணக்குப் பாடம் அந்நாட்களில் வீட்டு அடுப்பை எரித்தது.

இதைவிடப் பாரமான தருணங்களும் உண்டு. தெல்தோட்டை, கலஹா, மடுல்கலை போன்ற பகுதிகளின் தோட்டக் குடியிருப்புகளிலிருந்து நள்ளிரவில் ஒரு பிரசவப் பெண்ணையோ, மூச்சுத் திணறும் முதியவரையோ கண்டி வைத்தியசாலைக்கோ பேராதனை வைத்தியசாலைக்கோ கொண்டு செல்ல வேண்டியிருக்கும். தோட்டத்திலே கிடைப்பது பெரும்பாலும் ஒரே வண்டி. வழியிலுள்ள நிரப்பு நிலையம் அவ்வேளையிற் பூட்டியிருக்கும். “கால் பங்கு இருக்கிறது, போதும்” என்று கூறுபவர், அக்கால் பங்கு மெய்யான கால் பங்குதானா என்பதை அறிந்து கூறுகின்றாரா? அந்தக் கேள்விக்கு விடையை அந்நள்ளிரவில் தேட முடியாது. அமைதியான ஒரு பகற்பொழுதிலே முன்னரே தேடி வைத்திருக்க வேண்டும்.

கணக்கு மட்டும் இருந்தாற் போதுமா எனின், அக்கணக்கும் செவ்வையாக இருத்தல் வேண்டும். 1983 ஜூலை 23ஆம் நாள் கனடாவில் ஒரு போயிங் விமானம் மொன்றியலிலிருந்து எட்மன்ரனுக்குப் புறப்பட்டது. அதன் எரிபொருள் மானிகள் செயலிழந்திருந்தன. எனவே தாங்கியைக் கோலால் அளந்து கணக்கிட்டனர். வேண்டியது 22,300 கிலோகிராம். லீற்றரை நிறையாக மாற்றும்போது இறாத்தலுக்குரிய எண்ணைக் கையாண்டமையால், இருந்ததோ 22,300 இறாத்தல். பாதிக்கும் குறைவான எரிபொருளோடு சென்ற விமானம் 41,000 அடி உயரத்தில் இயந்திரம் அடங்கத் தொடங்கி, வானூர்தி ஓட்டியின் திறமையால் மிதந்து வந்து கிம்லி என்னும் இடத்துப் பழைய விமானத் தளத்தில் இறங்கிற்று. அதிலிருந்த 69 பேரும் உயிர் தப்பினர். முள் ஓய்ந்த இடத்தில் மனிதன் கணக்கிட்டான், அவனும் தவறினான். மானியைச் சோதிப்பது போலவே நம் கணக்கையும் சோதிக்க வேண்டும் என்பதே இதன் பாடம்.

சாதாரண வண்டிக்காரர் செய்யக்கூடியவை சிலவே. தாங்கியை நிரப்பித் தூரமானியைக் குறித்துக்கொள்ளுதல்; மறுமுறை நிரப்பும்போது ஊற்றிய லீற்றரால் ஓடிய தூரத்தை வகுத்தல். 240 கிலோமீற்றர் ஓடி 20 லீற்றர் ஊற்றினால், லீற்றருக்கு 12 கிலோமீற்றர். நான்கைந்து முறை இவ்வாறு செய்தால் வண்டியின் இயல்பு விளங்கிவிடும். முள்ளைச் சமதரையில் நிறுத்தியே பார்த்தல் வேண்டும். மலைவழிப் பயணத்தில் கால் பங்கையே வெறுமை என்று கொள்ளுதல் நலம். எரிபொருள் மிகத் தாழ்ந்தால், சரிவில் அது ஒரு பக்கம் ஒதுங்கி, உறிஞ்சும் குழாய் காற்றை இழுக்கும்; இயந்திரம் நிற்கும்.

செய்யத்தகாதவையும் இரண்டுண்டு. மிச்சம் பிடிப்பதாக எண்ணி இறக்கத்தில் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வண்டியை உருள விடுவோர் உளர். இயந்திரம் நின்றால் பல வண்டிகளில் தடைக்குத் துணைசெய்யும் விசை விரைவில் அற்றுப்போகும், சுக்கானும் கனக்கும். இக்கால வண்டிகளில், கியரிலிருந்தபடியே காலை எடுத்து இறங்கினால் எரிபொருள் தானாகவே நிறுத்தப்படுவதால், அச்செயலில் ஊதியமும் இல்லை. மற்றது, இருளிலே தீக்குச்சியைக் கொளுத்தித் தாங்கியினுள் எட்டிப் பார்ப்பது. எரிபொருள் உண்டா என்னும் ஐயத்தை அது ஒரே நொடியில் தீர்த்து வைக்கும், கேட்டவரையும் தீர்த்துவிடும்.

நம் வீட்டுப் பெண்கள் அரிசிப் பெட்டிக்கு மானி வைத்தாரில்லை. சுண்டு அடியில் உராயும் ஓசையைக் கேட்டே, இன்னும் எத்தனை நாளைக்குச் சோறு உண்டு என்று சொல்வர். விருந்தினர் வரக்கூடும் என்று ஒரு பிடியை ஒதுக்கியும் வைப்பர். எண்ணிக் கொடுத்து, ஓசையைக் கேட்டு, சிறிது மிச்சம் வைத்து வாழ்ந்த அந்த அறிவே வண்டிக்கும் வேண்டும். முள் சொல்வதைக் கேட்கலாம். அது எப்பொழுது, எவ்வளவு பொய் சொல்லும் என்பதையும் அறிந்து கேட்க வேண்டும். அவ்வாறு அறிந்தவருடைய வண்டியே மலைப்பாதை இருளில் நோயாளியோடு நடுவழியில் நில்லாது.