ஓடும்போதே பராமரிப்போம்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"இன்ஜினியருக்கும் இதயத்துக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்று நண்பர்கள் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. தொழிற்சாலையில் என் வேலை இயந்திரப் பராமரிப்பு. பம்பு நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே எண்ணெய் மாற்றுவோம். பிரஷர் கேஜ் பார்த்துக் குறித்து வைப்போம். ஆனால், நாளொன்றுக்குச் சுமார் 1 லட்சம் முறை துடிக்கும் நம் சொந்தப் பம்பை மட்டும் யாரும் பார்ப்பதில்லை.

நானும் பார்க்கவில்லை. 34 வயதில், கம்பெனி மெடிக்கல் செக்கப்பில் என் ரத்த அழுத்தம் 150/100. "எனக்கு ஒண்ணுமே பண்ணலியே, டாக்டர்!" என்றேன். "அதுதான் சார் இதில் ஆபத்தே. கடைசி வரைக்கும் ஒண்ணும் பண்ணாது" என்றார். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோதும் அதே கணக்கு. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் மகளுக்கு அப்போது மூன்று வயது.

அதன் பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். 1953-இல் ஜெரி மாரிஸ் என்ற மருத்துவர் லண்டன் மாடி பஸ் ஊழியர்களை ஆராய்ந்து எழுதினார். டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர். கண்டக்டர் மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டே இருப்பவர். கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக வந்தது. பிறகு யூனிபாரத்தின் இடுப்பளவையும் சேர்த்துப் பார்த்தார்கள். அப்போதும் கண்டக்டருக்கே சாதகம்! இன்று நாம் எல்லோருமே டிரைவர் சீட்டில்தான் இருக்கிறோம். தெருமுனைக் கடைக்குக்கூட வண்டியை எடுக்கிறோம்.

2004-இல் 52 நாடுகளில் நடந்த ஆய்வின் முடிவு வெளிவந்தது. புகை, கெட்ட கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, தொப்பை, மன உளைச்சல், உழைப்பின்மை முதலான ஒன்பது அம்சங்களே முதல் மாரடைப்பில் பத்தில் ஒன்பது பங்கை விளக்கிவிடுகின்றன என்றது அது. நம் தெற்காசியர்களுக்கு மற்றவர்களைவிட ஐந்தாறு ஆண்டுகள் முன்னதாகவே மாரடைப்பு வருகிறது என்பதும் அதில் தெரிந்தது. பெரும்பாலானவை நம் கையில் இருப்பவை என்பதே இதில் நல்ல செய்தி.

டாக்டர் மாத்திரை கொடுத்தார். அதோடு, வாரம் ஐந்து நாள், தினம் அரை மணி வேக நடை. உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள். ஊறுகாய், அப்பளம், மிக்சர் எல்லாம் அந்தக் கணக்கில் சேர்ந்தவை! லிப்டை விட்டுப் படியேறினேன். ஆறு மாதத்தில் 130/84-க்கு வந்தது. ஆனாலும் மாத்திரையை நானாக நிறுத்தவில்லை.

கடினமாக இருந்தது சிகரெட்தான். ஹாஸ்டல் மொட்டை மாடியில் ஒரே நாளில் கற்றுக்கொண்டதை விட எனக்குப் பல வருஷம் ஆயிற்று. விட்ட ஓராண்டிலேயே இதய ஆபத்து ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறது என்கிறார்கள். தம்பிகளே, நீங்கள் ஆரம்பிக்காமலே இருந்துவிட்டால் இந்தக் கஷ்டமே இல்லை.

இன்னொன்று. நெஞ்சில் பாரம், கை அல்லது தாடை வலி, திடீர் வியர்வை வந்தால், "வாயுக் கோளாறு" என்று சோடா குடித்துவிட்டு உட்காராதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். அங்கே ஒவ்வொரு நிமிடமும் உயிர்.

நண்பர்களே, அடுத்த கூட்டத்திலும் ஒரு நாற்காலிகூடக் காலியாக இருக்கக் கூடாது. அதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன். நம் பழைய டிராயிங் ஹால் மூன்றாவது மாடியில் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் போய்ப் பார்ப்போம், படியேறித்தான்!