குடியை விட்டவரின் துணை

இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தார் தங்கள் வீட்டு இழப்புக்குக் காரணம் குடி என்பதை மறைக்கவில்லை. அதனால் நானும் சுற்றி வளைக்காமல் பேசுகிறேன்.

பாலக்காடு மாவட்டத்தின் இந்த முதலமடை என்றால் வெளியூர்க்காரர்களுக்கு மாம்பழம்தான் நினைவுக்கு வரும். இங்கே வாழ்கிறவர்களுக்கு அது கேரள-தமிழ்நாட்டு எல்லையோரமும்கூட. கோவிந்தாபுரம் சோதனைச்சாவடியைத் தாண்டினால் பொள்ளாச்சிச் சாலை. சித்தூர் தாலுகாத் தோப்புகளில் இறக்கும் கள்தான் கேரளத்தின் பல மாவட்டக் கள்ளுக்கடைகளுக்குப் போகிறது. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. ஆகவே அந்தப் பக்கத்து ஆட்கள் கள்ளுக்கு இங்கே வருகிறார்கள். கேரளத்தில் மாதத்தின் முதல் தேதி மதுக்கடை கிடையாது. அன்றைக்கு இந்தப் பக்கத்து ஆட்களுக்கு டாஸ்மாக் இருக்கிறது. விட வேண்டும் என்று நினைக்கிறவருக்குச் சட்டம் தரும் அந்த ஒரு நாள் ஓய்வுகூட எல்லையில் கிடைப்பதில்லை. அவருக்கு ஓர் ஆள் வேண்டும். எப்படிப்பட்ட ஆள் என்பதுதான் இன்றைய பேச்சு.

1935 மே மாதம், அமெரிக்காவின் ஆக்ரன் நகர ஓட்டல் ஒன்றில் பில் வில்சன் என்பவர் தனியாக நின்றுகொண்டிருந்தார். வியாபாரம் முறிந்துபோயிருந்தது. குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. பக்கத்திலேயே மதுக்கூடம். அவர் தொலைபேசியை எடுத்துத் தேவாலயங்களை அழைத்து, தன்னைப் போல் அவதிப்படும் குடிநோயாளி ஒருவரோடு பேச வேண்டும் என்று கேட்டார். அப்படிக் கிடைத்தவர் டாக்டர் பாப் ஸ்மித். அந்தச் சந்திப்பில் பிறந்ததுதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற குடிநோயாளிகளின் அமைப்பு. இந்தியாவுக்கு 1957இல் வந்தது. இதில் என் மனத்தைத் தொடுவது ஒன்று உண்டு. வில்சன் அன்றைக்குத் தேடியது தனக்குப் புத்தி சொல்லும் ஆளை அல்ல. தான் உதவி செய்ய ஒருவரைத் தேடினார். அந்த உதவி அவரையே காப்பாற்றியது.

அவ்வளவு தொலைவு போக வேண்டியதில்லை. நம் பக்கத்து மாவட்டமான திருச்சூரில், பூமலையில் ‘புனர்ஜனி’ என்ற குடிமீட்பு மையம் இருக்கிறது. அதைத் தொடங்கிய ஜான்ஸ் கே. மங்கலம் தத்துவம் படித்தவர், குடியில் மூழ்கி மீண்டவர். தன் கதையைக் ‘குடியன்றெ கும்பசாரம்’ என்று மலையாளத்தில் புத்தகமாகவே எழுதினார். சென்னையில் சாந்தி ரங்கநாதன் குடியால் கணவரை இழந்த பிறகு, 1980இல் குடிநோய்ச் சிகிச்சைக்கான டி.டி.கே. மருத்துவமனையைத் தொடங்கினார். அந்த மருத்துவமனையார் பின்னாளில் மஞ்சக்குடி கிராமத்துக்கே போய் முகாம் நடத்திச் சிகிச்சை கொடுத்தார்கள். நோயாளி நகரத்துக்கு வரட்டும் என்று காத்திருக்காத அந்த முடிவை நான் பெரிதும் மதிக்கிறேன்.

எய்ம்ஸ் நிறுவனத்தார் 2019இல் வெளியிட்ட தேசிய ஆய்வு, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெறுகிறார் என்றது. மற்ற 37 பேரும் வீட்டில் இருக்கிறார்கள். அங்கே என்ன நடக்கிறது? குடியைத் திடீரென நிறுத்தினால், கடைசியாகக் குடித்துச் சில மணி நேரத்தில் கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் போகும். முதல் இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். மூன்றாம் நாள் வாக்கில் சிலர் சித்தம் கலங்கி, சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார்கள். பேய் பிடித்துவிட்டது என்று மந்திரிக்கக் கூட்டிப்போவது அப்போதுதான். உடனே மருத்துவமனையில் சேர்க்காவிட்டால் உயிரே போகலாம்.

2020 மார்ச் இறுதியில் ஊரடங்கால் கேரளத்து மதுக்கடைகள் மூடியபோது, குடி கிடைக்காமல் சிலர் தற்கொலை செய்துகொண்ட செய்திகள் வந்தன. மருத்துவர் சீட்டு இருந்தால் மது தரலாம் என்று அரசு ஆணையிட்டது. மருத்துவர்கள் எதிர்த்தார்கள், ஏப்ரல் 2 அன்று உயர் நீதிமன்றம் அந்த ஆணைக்குத் தடை விதித்தது. இந்த அறிகுறிகளைத் தன் உடம்பில் அனுபவித்த ஒருவர் அந்த நாள்களில் பஞ்சாயத்து வார்டுக்கு ஒருவராக இருந்திருந்தால், பலரைத் தக்க நேரத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கலாம் என்றே நம்புகிறேன்.

நான் சொல்லும் அந்தத் துணை ஆள் செய்ய வேண்டிய இன்னொரு வேலை வீட்டுப் பெண்களோடு. கணவருக்குத் தெரியாமல் குழம்பில் கலந்துவிடச் சொல்லி மாத்திரையும் பொடியும் விற்கிறார்கள். அவற்றில் ஒன்றான டைசல்ஃபிரம் மாத்திரை உள்ளே இருக்கும்போது ஒருவர் குடித்தால் வாந்தியோடு நிற்காது. ரத்த அழுத்தம் சரிந்து இதயமே நின்றுபோகலாம். மருத்துவர் சொல்லி, குடிப்பவரும் சம்மதித்து எடுக்க வேண்டிய மருந்து அது. இதை ஒரு பெண்ணிடம் சொல்ல, அதே பொடிக்குக் காசைக் கொட்டிய இன்னொரு பெண்தான் ஏற்றவர். ஆகவே மீண்ட ஆண்கள் மட்டும் போதாது. அவர்களோடு வாழ்ந்து தாங்கிய பெண்களும் இந்த வேலைக்கு வர வேண்டும்.

கேரள அரசின் போதை ஒழிப்புத் திட்டமான விமுக்தியில் பாலக்காடு மாவட்டத்துக்கான சிகிச்சை மையம் அட்டப்பாடியில், கோட்டத்தறை மருத்துவமனையில் அமைந்தது. அட்டப்பாடிக்கு அது தேவைதான். ஆனால் முதலமடைத் தோப்புக் கூலிக்காரர் மன்னார்க்காடு வழியாக மலையேறிப் போக வேண்டும். நாள் கூலியும் போய்விடும். போய்த் திரும்பினாலும், வீட்டுக்கு வந்த பிறகுதான் அவருக்கு நீண்ட சோதனை. மாங்காய்ப் பருவத்தில் கையில் காசு புரளும். சாயங்காலம் பழைய கூட்டாளிகள் வாசலில் நின்று, “ஒரே ஒரு கிளாஸ்” என்பார்கள். அந்த நேரத்தில் கூப்பிட்டால் வரக்கூடியவர், இந்த ஊர்த் தமிழிலேயே பேசுகிறவர், எரவாளர், மலசர் பழங்குடிக் குடியிருப்புகளில் திண்ணையில் உட்காரத் தயங்காதவர் வேண்டும்.

இதை இலவசச் சேவையாக விட்டுவிடக் கூடாது. அறக்கட்டளையாரிடம் என் வேண்டுகோள் இதுதான்: குடியை விட்டுச் சில வருடமாவது ஆன ஓர் ஆணையும், குடிநோயாளியோடு வாழ்ந்த ஒரு பெண்ணையும் மாதச் சம்பளத்தில் அமர்த்துங்கள். பயிற்சி கொடுங்கள், ஆபத்து நேரத்தில் அழைக்க ஒரு மருத்துவரையும் ஏற்பாடு செய்யுங்கள். வேலையில் இருக்கும் அந்த ஆணே ஒரு நாள் தவறிக் குடித்துவிடவும் கூடும். அப்போது ஊரறிய நீக்காமல், சிகிச்சைக்கு அனுப்பி, தேறியதும் திரும்பச் சேர்த்துக்கொள்ளும் விதியை முதல் நாளே எழுதிவையுங்கள். தை பிறந்தால் காய் பறிப்பு தொடங்கிவிடும். மார்கழிக்குள் அந்த இருவரையும் தேர்ந்தெடுத்துவிட வேண்டும்.