மூடாமலே மூடப்படும் ஆஸ்பத்திரிகள்

அறக்கட்டளை மேடைகளில் இலக்கியமும் வரலாறும் பேசுவதே வழக்கம். நான் ஆஸ்பத்திரியைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் அமைப்பாளர்கள் ஒரு கணம் யோசித்தார்கள். பிறகு சம்மதித்தார்கள், நன்றி.

2007இல் லண்டன் மாநகருக்கென ஓர் அறிக்கை வெளியானது. தயாரித்தவர் ஆரா டார்சி என்ற சத்திரசிகிச்சை நிபுணர். குடும்ப டொக்டர்களின் சிறு நிலையங்களை ஒன்றுசேர்த்து, ஏறத்தாழ 50,000 பேருக்கு ஒரு ‘பொலிகிளினிக்’ அமைக்கலாம் என்றார். ஸ்கான், இரத்தப் பரிசோதனை, நிபுணர் எல்லாம் ஒரே கூரையின் கீழ். டொக்டர்கள் கொதித்தெழுந்தார்கள். 2008 ஜூனில் பிரித்தானிய மருத்துவச் சங்கம் 12 இலட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளைச் சுமந்துகொண்டு பிரதமரின் வாசலுக்குப் போனது. 2010இல் ஆட்சி மாற, திட்டமும் கைவிடப்பட்டது.

சிறியவற்றை விட்டுப் பெரியவற்றில் சேர்க்கும் அதே மாற்றம் நமது மட்டக்களப்பு வாவிக் கரையிலும் நடக்கிறது. இங்கே அறிக்கையும் இல்லை, கையெழுத்தும் இல்லை, வாதமும் இல்லை. எந்த அமைச்சரும் கிராமத்து ஆஸ்பத்திரியை மூடச் சொல்லவில்லை. டொக்டர் இடமாற்றம் பெற்றுப் போவார், பதிலுக்கு ஆள் வராது. வாரத்தில் இரண்டு நாள் வேறோர் ஆஸ்பத்திரியின் டொக்டர் வந்து பார்ப்பார். மருந்து குறையும், சனம் குறையும். சனம் குறைந்ததைக் காட்டியே மேலும் மருந்து குறையும். பெயர்ப்பலகை மட்டும் புதுப் பெயின்டோடு நிற்கும்.

நிலவமைப்பைப் பாருங்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையும், களுவாஞ்சிகுடி, காத்தான்குடி, ஏறாவூர், வாழைச்சேனை ஆதார வைத்தியசாலைகளும் கடலோர நெடுஞ்சாலையை ஒட்டியவை. வாவிக்கு மேற்கே வவுணதீவு, பட்டிப்பளை, வெல்லாவெளி என்று வயலும் குளமும் யானைக்காடுமாக விரியும் படுவான்கரைக்குப் பிரதேச வைத்தியசாலைகளும் ஆரம்ப மருத்துவப் பராமரிப்புப் பிரிவுகளுமே உள்ளூர்த் துணை. 2007 வரை அந்தக் கரை விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. நோயாளியைக் கொண்டுவருவதற்குச் சோதனைச்சாவடி தாண்டவேண்டியிருந்த காலத்தை இங்கே பலர் மறந்திருக்கமாட்டீர்கள்.

2014இல் வாவிக்குக் குறுக்கே மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது. பெரிய நன்மை, சந்தேகமில்லை. ஆனால் பாலம் வந்தபின், “அரை மணித்தியாலத்தில் நகரத்துக்குப் போகலாமே, இங்கே எதற்கு இன்னொரு ஆஸ்பத்திரி?” என்ற கேள்வியும் கூடவே வந்தது. கேட்பவர்களிடம் வாகனம் இருக்கிறது.

வாகனம் இல்லாத ஓர் அம்மம்மாவை எடுத்துக்கொள்வோம். சீனி வருத்தம், பிரஷர். மாதம் ஒருமுறை அக்கரையில் கிளினிக். வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்கவேண்டும், ஆகவே விடியப்புறம் தேத்தண்ணிகூட இல்லை. கிளினிக் கொப்பியைச் சொப்பிங் பையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, பாலத்துக்கு எட்டத்தில் உள்ள மண்டூர்த் துறையில் குருமண்வெளிக்குப் போகும் பாதைப் படகுக்கு நிற்கிறார். காற்று கூடினால் பாதை தாமதம். அக்கரையில் ஓட்டோக் காசு. நம்பர் எடுத்து, வாங்கில் இருந்து, டொக்டரைப் பார்ப்பது சில நிமிடம். மருந்துக் கவுண்டரில் இரண்டு குளிசை கிடைக்கும். மூன்றாவதுக்குத் துண்டு எழுதி, வெளியே வாங்கச் சொல்வார்கள். அடுத்த மாதம் அவர் போகமாட்டார். பாரிசவாதம் வந்தபின், 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்சில் போவார்.

பெரிய ஆஸ்பத்திரி வேண்டாமென்று நான் சொல்லவில்லை. பிரசவத்தில் இரத்தப்போக்கு ஏற்பட்ட தாய்க்குச் சத்திரசிகிச்சைக் கூடமும் மயக்க மருந்து நிபுணரும் இரத்த வங்கியும் வேண்டும். அவற்றை ஊருக்கு ஊர் வைக்க எந்த நாட்டாலும் முடியாது. “எங்கள் ஊர் ஆஸ்பத்திரியைத் தரமுயர்த்து” என்று மேடைக்கு மேடை கேட்பவர்கள், தரமுயர்ந்த கட்டடத்துக்கு நிபுணர் எங்கிருந்து வருவார் என்று கேட்பதில்லை. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் எத்தனையோ டொக்டர்கள் நாட்டைவிட்டே போய்விட்டார்கள். இந்தத் தரமுயர்த்தும் அரசியலில் எனக்கு மரியாதை குறைவு. கல்வெட்டில் பெயர் பொறிக்கலாம் என்பதைத் தவிர அதில் பெரிதாக எதுவும் இல்லை.

சீனி, பிரஷர், ஆஸ்துமா ஆகியவை மாதாமாதம் தொடரும் வருத்தங்கள். இவற்றுக்கு வேண்டியது முகம் தெரிந்த ஒரு டொக்டர், தட்டுப்பாடில்லாத குளிசை, நடந்து போகும் தூரம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இந்தக் குளிசைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகிறது. கேரளத்தில் 2017இல் தொடங்கிய ‘ஆர்த்ரம்’ திட்டம் ஆரம்ப சுகாதார நிலையங்களைக் குடும்ப சுகாதார நிலையங்களாக்கி, பின்னேரத்திலும் நோயாளர்களைப் பார்க்க வழிசெய்தது. கூலிக்குப் போகிறவர் காலை வேலையை விட்டுவிட்டு வரிசையில் நிற்கத் தேவையில்லை.

நமது சுகாதார அமைச்சும் ஓர் ஆதார வைத்தியசாலையையும் சுற்றியுள்ள சிறு ஆஸ்பத்திரிகளையும் ஒரே கொத்தாக இணைக்கும் கொள்கையை 2018 அளவில் ஏற்றது. ஆரம்ப சுகாதாரத்தை வலுப்படுத்த உலக வங்கியும் 20 கோடி டொலர் கடன் கொடுத்தது. நல்ல கொள்கைதான். ஆனால் இந்த நாட்டில் யாரும் சிபாரிசுத் துண்டு இல்லாமலே எந்த அரசாங்க ஆஸ்பத்திரிக்கும் போகலாம். சிற்றூரில் மருந்து நிலையாக இல்லாதவரை சனம் பெரிய வாசலுக்குத்தான் போகும். அவர்களைக் குறை சொல்ல ஏதுமில்லை. போதனா வைத்தியசாலையும் மாகாணத்து ஆஸ்பத்திரிகளும் வெவ்வேறு நிருவாகங்களின் கீழ் இருப்பதால், பொறுப்பை இவர் அவரிடமும் அவர் இவரிடமும் தள்ளிவிட வசதியாகவும் இருக்கிறது.

அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வருபவரிடம் புதுக் கட்டடம் கேட்காதீர்கள். உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் போன மாதம் எத்தனை நாள் டொக்டர் இருந்தார், எந்தக் குளிசை எத்தனை நாள் இல்லாமற் போனது என்று எழுதி, அந்தத் தாளை அவர் கையில் கொடுங்கள். மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் அவர் அதை வாசிக்கிறாரா என்று பாருங்கள்.