கண்ணொளிக்கு உகந்த சிற்றுண்டி

(வேதாரண்யத்தில் கூடிய நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சிற்றுண்டியைப் பற்றிப் பேசுமாறு காரியதரிசி அவர்கள் எனக்குக் கட்டளையிட்டார்கள். கல்வி, ஒற்றுமை, விவாகச் செலவு முதலிய பெரிய விஷயங்கள் இருக்க, சிற்றுண்டியைப் பற்றிப் பிரசங்கமா என்று சிலர் நகைக்கக்கூடும். கண் இல்லாதவனுக்குக் கல்வி ஏது? கண்ணுக்கு ஆகாரம் இல்லையெனில் ஒளி ஏது? ஆதலின் இவ்விஷயம் சிறியதன்று.

என் வீட்டில் நடந்ததை முதலில் கூறுகிறேன். ஏறக்குறைய அறுபது ஆண்டுகளுக்கு முன், என் இளைய சகோதரன் அந்தி மயங்கியதும் திண்ணைப் படி தெரியாமல் தடுமாறுவான்; எதிரே வைத்த தண்ணீர்ச் செம்பை உதைத்துக் கவிழ்ப்பான். கவனமில்லாத பிள்ளை என்று அவனை வைதோம், அடித்ததும் உண்டு. அது மாலைக்கண் என்று ஒரு வைத்தியர் கூறிய பின்னரே எங்கள் குற்றம் எங்களுக்கு விளங்கிற்று. அவர் கொடுத்த மருந்தோடு கீரையும் முட்டையும் உண்ணவே, சில தினங்களில் அவன் அந்தியிலும் எங்களோடு ஓடியாடினான். அவனை அடித்த கை இன்றும் எனக்குக் கூசுகிறது.

மாலைக்கண் எதனால் உண்டாகிறது? நமது விழித்திரையில் மங்கிய ஒளியைக் காண்பதற்கென்றே ஒருவகை அணுக்கள் உள்ளன. அவற்றிலுள்ள ரொடாப்சின் என்னும் நிறப்பொருள் உண்டாவதற்கு வைட்டமின் ஏ என்னும் ஜீவசத்து இன்றியமையாதது. அச்சத்து குறைந்தால் முதலில் அந்திப் பார்வை மங்கும். பின்னர் வெண்விழி வறளும். மேலும் குறைந்தால் கருவிழி புண்பட்டுக் குழந்தை நிரந்தரமாகக் குருடாகும். இச்சத்து கண்ணில் தொழில் புரியும் விதத்தை ஆராய்ந்த ஜார்ஜ் வால்ட் என்னும் அமெரிக்க அறிஞர் 1967-ல் நோபல் பரிசு பெற்றார்.

கண் மட்டுமன்று, உயிரும் இதனைச் சார்ந்தது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்தோர் நமக்கு அண்மையிலுள்ள திருச்சிராப்பள்ளி ஜில்லாவில் சுமார் 15,000 சிறு குழந்தைகளிடையே ஓர் ஆராய்ச்சி நடத்தி, 1990-ல் அதன் முடிவை வெளியிட்டனர். வாரந்தோறும் சிறிதளவு வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளிடையே மரணம் பாதிக்கும் மேல் குறைந்திருந்தது. நமது தேசத்தில் 1970 முதல் குழந்தைகளுக்கு இச்சத்தைத் துளிகளாகக் கொடுக்கும் திட்டம் நடைபெறுகிறது. ஒன்பதாம் மாதம் தொடங்கி ஐந்து வயது வரை ஆறு மாதத்திற்கு ஒருமுறை கொடுக்கப்படும் அத்துளிகளைத் தாய்மார்கள் தவறவிடலாகாது.

இனி, அன்றாட உணவில் இச்சத்தை எங்ஙனம் பெறுவது? ஐதராபாத்திலுள்ள தேசிய போஷணைக் கழகத்தார் வெளியிட்ட பழைய அட்டவணையைக் காண்போம். உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும் கரோட்டின் என்னும் மஞ்சள் சத்து, 100 கிராம் காரட்டில் சுமார் 1,890 மைக்ரோகிராம். பழுத்த மாம்பழத்தில் சுமார் 2,740. அகத்திக்கீரையில் சுமார் 5,400. முருங்கைக்கீரையிலோ சுமார் 6,780. முருங்கைக்காயிலோ 110 மட்டுமே! நாமோ காயைச் சாம்பாரிலிட்டுச் சுவைத்து, இலையை ஆட்டுக்கு எறிகிறோம். ஆடு நம்மினும் அறிவுடையது போலும்!

சபையோர்களே! 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ல் திருச்சிராப்பள்ளியிலிருந்து ராஜாஜி அவர்கள் தொண்டர்களோடு நடந்து புறப்பட்டு, 30-ஆம் தேதி இவ்வூரை அடுத்த அகஸ்தியம்பள்ளியில் உப்பை அள்ளினார்கள். நம் காலடியில் கிடக்கும் பொருளை நாமே எடுத்துக்கொள்ள அஞ்சலாகாது என்பதே அன்று இவ்வூர் உலகிற்குக் கற்பித்த பாடம். இன்று நம் வேலியோரத்தில் நிற்கும் கீரையை எடுக்க எவரும் தடை செய்யவில்லை. தடை நம் மனத்தில் உள்ளது. கடையில் சரஞ்சரமாய்த் தொங்கும் பளபளப்பான பைகளே நாகரிகம் என்று குழந்தைகளுக்கு நாமே பழக்கிவிட்டோம். அவற்றில் உப்பும் எண்ணெயும் மாவும் மிகுதி. கண்ணுக்கு வேண்டியதோ சொற்பம்.

பள்ளியிலிருந்து பசியோடு திரும்பும் பிள்ளைக்குக் கேழ்வரகு மாவில் முருங்கைக்கீரையும் வெங்காயமும் கலந்து, சிறிது எண்ணெய் விட்டு அடை தட்டிக் கொடுங்கள். கரோட்டின் கொழுப்பில் கரைவது. எண்ணெயோ நெய்யோ சிறிதேனும் சேர்ந்தால்தான் உடலில் நன்கு சேரும். கோடையில் நம் மணற்பாங்கான தோட்டங்களில் விளையும் மாம்பழம் இருக்கவே இருக்கிறது. மற்றக் காலங்களில் பப்பாளி உண்டு. புலால் கொள்ளும் இல்லத்தார் முட்டையும் சேர்க்கலாம். கீரையை நிழலில் உலர்த்திப் பருப்புப் பொடியோடு இடித்து வைத்தால் மழைக்காலத்திற்கும் உதவும். வெயிலில் உலர்த்தினால் சத்து மிகுதியும் கெடும்.

மிகைப்படக் கூறுவது என் நோக்கமன்று. கீரை உண்டால் மூக்குக்கண்ணாடி கழன்றுவிடும் என்பது வீண் பேச்சு. கிட்டப்பார்வைக்குக் கண்ணாடியே வேண்டும். அது தோன்றாதிருக்கப் பகல் வெளிச்சத்தில் வெளியே விளையாடுவது துணை செய்யும். நீரிழிவுடைய பெரியோர்களுக்கு விழித்திரை கெடும் அபாயம் உண்டு. அவர்கள் ஆண்டுதோறும் கண்ணைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். வைட்டமின் மாத்திரைகளை வைத்தியர் சொல்லாமல் உண்ணுதல், விசேஷமாகக் கர்ப்பிணிகளுக்கு, தீங்காகும். கீரையில் அவ்வச்சம் இல்லை.

"கீரை ஆய்வதற்கு நேரம் ஏது?" என்று தாய்மார்கள் கேட்பது என் செவியில் விழுகிறது. நியாயமான கேள்வியே. அதற்கு விடை கூறவேண்டியவர்கள் ஆடவர்கள். மாலையில் திண்ணையில் அமர்ந்து ஊர்க்கதை பேசும் நம் கைகள் சும்மாதானே இருக்கின்றன? பேச்சும் நடக்கட்டும், கீரையும் ஆயட்டும்.

2018 நவம்பரில் கஜா புயல் நம் மாவையும் தென்னையையும் சாய்த்ததை எவரும் மறந்திலர். தென்னை மீண்டும் காய்க்க ஆண்டுகள் பல செல்லும். முருங்கையோ ஒரு போத்தை ஊன்றினால் சில திங்களில் கீரை தரும். வேதாளம் ஏறும் மரம் என்று அஞ்சி அதனை வீட்டருகே வையாதவர்களும் நம்முள் உளர். அந்தியில் குழந்தை தடுமாறுவதைக் காட்டிலும் அச்சந்தரும் வேதாளம் ஒன்றும் இல்லை என்பதை நான் கண்ணாரக் கண்டவன்.

ஆதலின் ஒரு விண்ணப்பம். அடுத்த கூட்டத்திற்குள் ஒவ்வொரு குடும்பத்தாரும் ஒரு போத்து நட வேண்டும். இடமில்லாதவர்க்கு இடமுள்ளவர் கீரை கொடுத்துதவ வேண்டும். அக்கூட்டத்தில் குழந்தைகளுக்குக் கடைப்பண்டம் வழங்காது கீரை அடை வழங்குமாறு சங்கம் தீர்மானிக்க வேண்டும். முதல் நாள் கீரை ஆய்வதற்கு நான் வருகிறேன். என்னோடு யார் யார் வருகிறீர்கள் என்பதை இப்பொழுதே கைதூக்கித் தெரிவிக்க வேண்டுகிறேன்.